ஃபாஸ்டிங் ஆப்: மணி காட்டினா போதும், மார்க் போட வேண்டாம்

மூணு ஸ்டார். காசு கட்டாத பதிப்புக்கு நாலு, கட்டின பதிப்புக்கு ரெண்டு. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா மூணு. ஆப் பேரை எழுதலை. ப்ளே ஸ்டோர்ல ஃபாஸ்டிங்னு அடிச்சா மேல வர்றதுல எதைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இதே வட்டம், இதே ஆரஞ்சுக் கலர், இதே சந்தாத் திரை. நான் சொல்றதுல முக்கால்வாசி மத்ததுக்கும் பொருந்தும்.

கோட்டையூர்ல வீட்டோட பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். கல்யாணத்துக்கு, அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு, புதுமனைக்கு. தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டை, கைமுறுக்கு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வேலை ஓடணும்னு விடியக்காலம் அஞ்சு மணிக்கே ரெண்டாங்கட்டுல அடுப்பு பத்த வச்சிடுவோம். இப்படி ஒரு தொழில்ல இருக்கிறவ இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், அதாவது தினமும் மணிக்கணக்கு வச்சுப் பட்டினி, இருக்கிறது நடக்கிற காரியமான்னு கேட்காதவங்க இல்லை. நடக்குது. ஆனா அதுக்கு ஆப் எவ்வளவு உதவுச்சு, எங்க காலை வாரிவிட்டுச்சுங்கிறதைத்தான் எழுதுறேன். நடுவுல ஒரு நீண்ட இடைவெளி விட்டுட்டுத் திரும்ப ஆரம்பிச்சவ நான். அந்தத் திரும்பி வர்ற கட்டத்துக்கு ஆப் தோதா இருக்கான்னு எந்த விமர்சனத்துலயும் காணோம். எல்லாரும் முதல் வாரத்துச் சந்தோஷத்துலயே ஸ்டார் போட்டுட்டுப் போயிடுறாங்க.

ஆப் செய்ற வேலை ரொம்பச் சின்னது. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு பட்டனை அமுக்கணும், வட்டம் ஓட ஆரம்பிக்கும். மறுநாள் முதல் வாய் வைக்கும்போது இன்னொரு தடவை அமுக்கணும். எத்தனை மணி நேரம் வயிறு சும்மா இருந்துச்சுன்னு சொல்லும். 12, 14, 16, 18 மணி நேரம்னு தயாரா இருக்கு, வேணுங்கிறதை எடுத்துக்கலாம். 16 மணி பட்டினி, மிச்ச 8 மணி நேரத்துக்குள்ள சாப்பாடு, அதுதான் எல்லாரும் பேசுற 16:8.

சொன்னா நம்ப மாட்டீங்க, அந்தப் பட்டனுக்கு ஒரு சக்தி இருக்கு. எங்க வீட்ல ராத்திரிப் பலகாரமே ஒன்பது மணிக்கு மேலதான். அதுக்கப்புறம் நான் ஆர்டர் நோட்டை எடுத்து வச்சு உட்காருவேன். பக்கத்துல உடைசல் டப்பா. உடைஞ்ச தேன்குழலை விக்க முடியாது, வீசவும் மனசு வராது, கணக்கு எழுதுறவ வாய்க்குத்தான் போகும். பட்டனை அமுக்கின பிறகு அந்த டப்பாவைத் திறக்கிறதுக்குக் கை கூசுது. எனக்கு இடுப்புல குறைஞ்சதுக்குக் காரணம் அந்த டப்பா மூடியிருந்ததுதான், வேற மந்திரம் ஒண்ணுமில்லை. காசு கட்டாத பதிப்புக்கு நாலு ஸ்டார் இதுக்காகத்தான்.

ஆனா ஆப் மந்திரம்னுதான் சொல்லுது. வட்டத்துல இத்தனாவது மணிக்குக் கொழுப்பு எரியுது, 16-க்கு ஆட்டோஃபேஜி தொடங்குதுன்னு கலர் கலரா கட்டம் போட்டிருக்கு. ஆட்டோஃபேஜின்னா செல் தன்னோட பழைய சரக்கைத் தானே பிரிச்சு மறுபடி பயன்படுத்துறது. அது எப்படி நடக்குதுன்னு ஈஸ்டுல கண்டுபிடிச்சதுக்கு ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல நோபல் குடுத்தாங்க. மனுஷ உடம்புல கடிகாரம் பார்த்து 16-வது மணிக்குத் தொடங்கும்னு அவர் சொல்லலை. கல்லீரல்ல சேர்த்து வச்ச சர்க்கரை தீர்றதுக்கே 12-ல இருந்து 36 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். முந்தின வேளை என்ன சாப்பிட்டோம், எவ்வளவு வேலை செஞ்சோம்ங்கிறதைப் பொறுத்தது. அடுப்படியில நிக்கிற எனக்கும் ஏசியில உட்கார்ற ஆளுக்கும் ஒரே கட்டம் எப்படிப் பொருந்தும்? சீனாவுல 139 பேரை ஒரு வருஷம் வச்சுப் பார்த்து 2022-ல வெளியிட்டாங்க. எல்லாருக்கும் அளவான சாப்பாடு. பாதிப் பேர் மட்டும் அதைக் காலை 8-ல இருந்து சாயங்காலம் 4-க்குள்ள முடிக்கணும். ரெண்டு பக்கமும் எடை குறைஞ்சுது, நேரக் கட்டுப்பாட்டால தனியா பெரிய வித்தியாசம் தெரியலை. எனக்கு இது நிம்மதியாத்தான் இருந்துச்சு. கால் மணி முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது.

இனி ருசி பார்க்கிற சங்கதி. தேன்குழலுக்கு அரிசி மாவும் உளுந்து மாவும் கலந்து உப்புத்தண்ணி விட்டுப் பிசைஞ்சதும் ஒரு கிள்ளு எடுத்து நாக்கு நுனியில வைப்பேன். பச்சை மாவுல உப்பு கொஞ்சம் மட்டாத் தெரியணும். தண்ணி சுண்டி வெந்து வந்தபிறகு அது ஏறிக்கும். பச்சையிலயே சரியா இருந்தா வெந்ததும் கரிக்கும். அப்புறம் முதல் ஈடு வெந்து வந்ததும் ஒண்ணை ஒடிச்சுப் பார்க்கணும், சத்தம் கேட்கணும், உள்ள எண்ணெய் கோத்திருக்கான்னு பார்க்கணும், ஒரு துண்டு வாயில போடணும். இது இல்லாம எனக்குத் தொழில் இல்லை. காலையில அஞ்சரைக்கு ஒரு கிள்ளு மாவு நாக்குல பட்டா ஃபாஸ்டிங் போச்சா, இருக்கா?

ஆப்ல உதவிப் பகுதின்னு ஒண்ணு இருக்கு. தண்ணி, வரக்காப்பி, சர்க்கரை போடாத டீ பரவாயில்லை, பால் கூடாதுன்னு போட்டிருக்கு. பச்சை மாவு பத்தி ஒரு வரி இல்லை. சாட்ல கேட்டேன். என் ஆரோக்கியப் பயணத்துக்கு வாழ்த்துன்னு வந்துச்சு. இன்னொரு தடவை கேட்டேன், அதே வாழ்த்து.

கொஞ்ச நாள் என்கூட வேலை செய்ற அக்காவை உப்புப் பார்க்கச் சொன்னேன். "உப்பு சரியாத்தான் இருக்கு ஆச்சி, ஆனா நீங்க ஒரு வாய் பார்த்தாத்தான் எனக்குக் கை ஓடும்"னு தட்டை நீட்டிக்கிட்டே நிப்பாங்க. பாவம், அவங்க மேல பாரத்தை ஏத்துறதும் நியாயமில்லை. அப்புறம் தோணுச்சு, நாக்கு எதுக்குத் தேவை, எதுக்குத் தேவையில்லைன்னு. அதிரசத்துக்கு நாக்கு வேண்டாம். பாகை ஒரு சொட்டு தண்ணியில விட்டு விரலால உருட்டிப் பார்த்தாப் பதம் தெரிஞ்சுடும். மணகோலத்துப் பாகும் விரல்லயே சொல்லிடும். ஆகவே விடியக்காலம் இனிப்பு, பத்து மணிக்கு மேல உப்புன்னு வேலையை மாத்திட்டேன். ராத்திரி எட்டுக்குள்ள சாப்பிட்டு முடிச்சா மறுநாள் காலை பத்துக்கு 14 மணி நேரம் ஆச்சு. தேன்குழல் மாவு பிசையிற நேரமும் என் முதல் வாயும் ஒண்ணா வந்துடுது. வீட்ல ஒன்பது மணிச் சாப்பாட்டை எட்டுக்குக் கொண்டுவர்றதுக்குத்தான் ரொம்பப் பேச வேண்டியிருந்துச்சு.

சரி, விட்டுப்போன கதை. தை பிறந்து முகூர்த்தம் வரிசையா வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அடுப்பு எரியும், கொண்டுபோய் இறக்குற கல்யாண வீட்ல சாப்பிடாமப் போனா கோவிச்சுக்குவாங்க, அங்க காலைப் பலகாரம், மத்தியானச் சாப்பாடு, இடைப்பலகாரம், ராத்திரிப் பலகாரம்னு இலை எடுக்க எடுக்க அடுத்த இலை. பட்டன் அமுக்கவே நேரமில்லை. இதுல அதிசயம் ஒண்ணுமில்லை, இந்தத் தொழில்ல தையில அப்படித்தான்.

இந்த இடத்துலதான் ஆப் தன் புத்தியைக் காட்டுச்சு. ஸ்ட்ரீக்னு ஒரு கணக்கு வச்சிருக்கு, விடாம எத்தனை நாள் இருந்தோம்ங்கிறதுக்கு ஒரு தீப்பொம்மை. ஒரு நாள் தவறினா தீ கறுத்து, பக்கத்துல பூஜ்யம். மாசக்கணக்கா இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு தெரியலை. அப்புறம் தினமும் ஒரு அறிவிப்பு: உங்க தீ அணைஞ்சு போச்சு, திரும்ப ஏத்துங்க. எதிர்க்க மூணு அடுப்பு எரியுது, போன்லயும் ஒரு தீக்கு நான் விறகு போடணுமாம். சத்தத்தை நிறுத்தி வச்சேன், பிறகு ஆப்பையே திறக்கலை.

ஒரு தடவை தவறிட்டா மனுஷ மனசு எப்படிப் போகும்னு ஆராய்ச்சியே இருக்கு. 1975-ல பீட்டர் ஹெர்மன்ங்கிற உளவியலாளர் ஒரு சகாவோட சேர்ந்து சோதனை பண்ணினார். சாப்பாட்டைக் கட்டுப்படுத்துறவங்களுக்கு முதல்ல மில்க் ஷேக் குடுத்துட்டு அப்புறம் ஐஸ்கிரீம் வச்சா, மில்க் ஷேக் குடிக்காதவங்களை விட அவங்க அதிகமாச் சாப்பிட்டாங்க. எப்படியும் கெட்டுப்போச்சு, இனி என்னங்கிற மனசு. கல்யாணப் பந்தியில ஒரு வேளை உட்கார்ந்தவ அந்த மாசம் பூரா உடைசல் டப்பாவைத் திறந்து வச்சிருந்ததுக்கும் இதுதான் காரணம். பூஜ்யம் காட்டுற ஆப் அந்த மனசுக்கு எண்ணெய் ஊத்துது.

இன்னொரு கூத்து, 21 நாள் சவால். 21 நாள் விடாம இருந்தாப் பழக்கம் ஆயிடும்னு பதக்கம் குடுக்குது. எங்க ஆத்தா அதைப் பார்த்துட்டு, "21 இழையில திரி திரிச்சுப் பிள்ளையார் நோன்பு கும்பிடுற வீட்ல பிறந்தவளுக்கு போன் வந்து 21 சொல்லிக் குடுக்குதாக்கும்"னாங்க. கார்த்திகைத் தீபத்துல இருந்து 21-வது நாள் நகரத்தார் எங்களுக்கு இழை எடுக்கிற, அதாவது அந்த நோன்பு கும்பிடுற நாள். அது சாமி காரியம், அதைப் பழக்கத்துக்கான கணக்குன்னு யாரும் சொல்றதில்லை. ஆப்காரங்க சொல்ற 21, மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல எழுதினதுல இருந்து கிளம்பினது. புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாளாவது ஆகுதுன்னு தன் நோயாளிகளைப் பார்த்து அவர் சொன்னார். குறைஞ்சதுங்கிறது வழியில எங்கயோ உதிர்ந்து போச்சு. லண்டன்ல பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை வச்சுப் பார்த்து 2010-ல வெளியிட்டாங்க: ஒரு பழக்கம் தன்னால வர்றதுக்கு நடுவாந்திரமா 66 நாள், ஆளைப் பொறுத்து 18-ல இருந்து 254 வரைக்கும். நடுவுல ஒரு நாள் தவறினா அது ஒண்ணும் பெரிசாக் கெடலைன்னும் அதுலயே இருக்கு. இந்த ஒரு வரியைத் திரையில போட்டிருந்தா இன்னொரு ஸ்டார் சேர்த்துக் குடுத்திருப்பேன்.

திரும்ப ஆரம்பிச்சது ஆடியில. ஆப் ஜனவரி ஒண்ணாந்தேதிக்குத்தான் தள்ளுபடி போட்டு வா வான்னு கூப்பிட்டுச்சு. மாசப்பிறப்பு, வருஷப்பிறப்பு, திங்கட்கிழமை மாதிரி நாள்ல புதுசா ஒண்ணு தொடங்க மனசு எழும்பும்னு கேத்தரின் மில்க்மன்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 2014-ல காட்டியிருக்காங்க, அது உண்மைதான். ஆனா என் வருஷம் ஜனவரியில தொடங்கலை. பொங்கலும் முகூர்த்தமும் தலைமேல நிக்கிற நேரம் அது. ஆடியில கல்யாணம் கிடையாது, அடுப்பு பாதி நேரம் சும்மா கிடக்கும், கும்மாயம்ங்கிற இனிப்பு கிண்டுறதோட சரி. தொடங்குறதுக்கு எனக்கு ஆடி ஒண்ணுதான் நல்ல நாள்.

நேரா 16-க்குப் போகலை. 12-ல வச்சேன், ராத்திரி ஏழரை, காலை ஏழரை. அது ஒரு விரதமான்னு வீட்ல சிரிச்சாங்க. அமைப்புகளுக்குள்ள போய் ஸ்ட்ரீக்கையும் அறிவிப்பையும் அணைச்சேன். முகப்புத் திரையில இருந்து தீப்பொம்மை போயிடும், வட்டம் மட்டும் நிக்கும். அந்த வசதியை மூணு அடுக்குக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்காங்க, தேடித்தான் எடுக்கணும். எடையை வாரம் ஒரு தடவைக்கு மேல பார்க்கிறதில்லை. காலையில கையோட ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டது. 12 உறுத்தாமப் போனதும் 14-க்கு ஏத்தினேன், அங்கேயே நிறுத்திட்டேன். கல்யாண வீட்டுக்குச் சரக்கு இறக்கப் போற அன்னிக்குப் பட்டனைத் தொடுறதே இல்லை, மறுநாள் ராத்திரி அமுக்கினாப் போச்சு.

காசு கட்டின பதிப்பு பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. சமையல் குறிப்பு தருது, எல்லாம் அவகாடோவும் ஓட்ஸும். கிராஃப் தருது. நான் வருஷச் சந்தா கட்டியிருந்தேன். ஆப்பைத் திறக்காம இருந்த காலத்துல அது தானா புதுப்பிக்கப் பார்த்துச்சு. பணம் எடுக்கப் போறதா மெசேஜ் வந்ததை மக பார்த்துட்டு, பணம் அனுப்புற ஆப்லயே ஆட்டோபேங்கிற இடத்துக்குப் போய் அனுமதியை ரத்து பண்ணினா. போன்ல இருந்து ஆப்பைத் தூக்கிட்டா மட்டும் சந்தா நின்னுடாது, தெரிஞ்சுக்கிடுங்க. ப்ளே ஸ்டோர் சந்தாப் பட்டியல்லயும் ஒரு தடவை பார்த்து நிறுத்திடுங்க.

ரெண்டு ஸ்டார் குறைச்சதுக்கு முக்கியமான காரணம் வேற. எங்க வீட்டுக்காரரும் போட்டுப் பார்க்கலாம்னு நிறுவினார். வயசு, உயரம், எவ்வளவு எடை குறையணும்னு கேட்டுட்டு எடுத்த எடுப்புல 18 மணி நேரம்னு சொல்லுச்சு. சர்க்கரை இருக்கா, என்ன மாத்திரைன்னு கேட்கவே இல்லை. டாக்டரைக் கேளுங்கன்னு அடியில எறும்பு எழுத்துல ஒரு வரி. அவர் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுறவர். டாக்டர்கிட்ட கேட்டதுக்கு, அந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் பட்டினி கிடந்தா சர்க்கரை சட்டுனு இறங்கி மயக்கம் வரும், இருக்கணும்னா மருந்தை மாத்தித்தான் இருக்கணும்னு சொன்னார். இன்சுலின் போடுறவங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் குடுக்கிறவங்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம். இதை முதல் திரையில கேட்காத ஆப், அவகாடோ படத்துக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கு.

தமிழ்ல கிடையாது. பேட்டரி அதிகம் இழுக்கலை. மாவுக் கையோட பட்டனை அமுக்க முடியாது, போன் முகப்புல வைக்கிற விட்ஜெட் பெரிசா இருந்தா முழங்கையால தட்டிக்கலாம். அது காசு கட்டினவங்களுக்கு மட்டும்தான். ஆவணி ஆர்டர் வர ஆரம்பிச்சாச்சு. சந்தா இல்லாம விட்ஜெட்டும் நேரத்தை நாமளே கையால மாத்துற வசதியும் தர்ற ஆப் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க, மாறிக்கத் தயார்.