மரச்சீனி விளைக்கு எந்தத் துப்பாக்கி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் என் மச்சினனுக்கு இரண்டு ஏக்கர் விளை. ஏத்தன் வாழை, ஊடே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. போன மாதம் ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் இறங்கி நாலு வரிசை மரச்சீனியைக் கிளறிப் போட்டுவிட்டது. விடிந்ததும் போனில் கேட்டான்: "அத்தான், துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போடப் போறேன். பிஸ்டல் நல்லதா, ரைஃபிள் நல்லதா?"

இதே கேள்வியோடு இங்கே பலர் இருப்பதால் அவனுக்குச் சொன்னதை எழுதிவைக்கிறேன்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிகள் இரண்டு கூறு: தடை செய்யப்பட்ட ரகம், தடை இல்லாத ரகம். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் தானியங்கிகள் முதல் கூறு. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா ஏறக்கூடிய பாயிண்ட் 303 (குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்) ரைஃபிள், 9 எம்.எம். பிஸ்டல் போன்றவையும் அதோடு சேரும். அவற்றுக்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். மற்றவற்றுக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். 21 வயது முடிந்திருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது.

சரி, பிஸ்டல். பாயிண்ட் 32 பிஸ்டலும் ரிவால்வரும் தடை இல்லாத ரகம்தான். கான்பூரில் செய்யும் 'நிர்பீக்' ரிவால்வர் அந்த வகை. ஆனால் தகுந்த காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் லைசென்ஸ். கிழங்கைப் பன்றி தின்கிறது என்பது அதற்குக் காரணமாகாது. கைத்துப்பாக்கியால் இருட்டில் ஓடும் பன்றியைக் குறிவைப்பதும் நடக்கிற காரியம் இல்லை. இதை இத்தோடு விட்டுவிடலாம்.

ரைஃபிள் விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். இஷாப்பூர் தொழிற்சாலையின் பாயிண்ட் 315 சட்டப்படி வாங்கக்கூடியது. குழலின் உள்ளே திருகுவரி இருப்பதால் தோட்டா சுழன்றபடி நேராகப் போகும். குறி தப்பினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ஒரு விளை முடிகிற இடத்தில் அடுத்த வீட்டின் அடுக்களைச் சுவர் தொடங்குகிறது. விடியற்காலை நாலு மணிக்கு டார்ச்சோடு ரப்பர் வெட்டப் போகிறவர்கள் எத்தனை பேர்! ஆளில்லாத பரந்த நிலத்துக்குச் சரிப்படும் ஆயுதத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே என்பார்கள். பாயிண்ட் 177 அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ளதற்கு மட்டும்தான் வேண்டாம். அது காகித இலக்கைச் சுட்டுப் பழக நல்லது. பன்றியை அது காயப்படுத்தி வெறிகொள்ளவைக்கும், அவ்வளவுதான். மயிலையோ குரங்கையோ அதனால் சுட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும்.

மிச்சம் இருப்பது திருகுவரி இல்லாத வழவழப்புக் குழல். பயிர்க்காவலுக்கு என்று சட்டமே பெயர் சொல்லி வைத்திருப்பது இதைத்தான். ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் முதலிடம், குழலின் வாய்வழியே கருமருந்தும் ரவையும் (சிறு உலோகக் குண்டுகள்) கெட்டிக்கும் துப்பாக்கிக்கு. அது போதாது என்று அதிகாரி கருதினால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கி கொடுக்கலாம். கெட்டிப்புத் துப்பாக்கி ஒரு வெடிதான். இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊரில் கருமருந்து நமத்துப்போகும். அதனால் என் ஓட்டு '12 போர்' என்கிற குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு. சிறு ரவை நாற்பது மீட்டர் தாண்டினால் வலுவிழக்கும். அக்கம்பக்கத்து வீடுகளை நினைத்தால் எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை யாராவது சல்லிசாகத் தருகிறேன் என்றால் கிட்டேயே போகாதீர்கள். வைத்திருந்தாலே இரண்டு முதல் ஐந்து வருடம் சிறை.

அப்புறம், இங்கேதான் பலர் இடறுகிறார்கள். துப்பாக்கி லைசென்ஸ் பன்றியைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவிட்டு, லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துச் சுடவைக்கலாம். நம் பக்கம் அப்படி இல்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர்தான் சுட வேண்டும். ஆகவே மரச்சீனியைக் காக்க முதலில் பணம் போட வேண்டியது சோலார் வேலியில். காட்டை ஒட்டிய இடமென்றால் அதையும் வனத்துறையிடம் கேட்டுச் செய்யுங்கள். கரண்டுக் கம்பியை நேரடியாக இழுத்துக் கட்டுவது கொலைக்குச் சமம்.

"அப்போ துப்பாக்கியே வேண்டாமா அத்தான்?" என்றான். மலையோரத்துத் தனி வீடு, ஆசை இருக்கத்தான் செய்யும். புதிதாக எதற்கு என்று கேட்டேன். அவன் அப்பா, அதாவது என் மாமாவின் பீரோவில் ஒரு 12 போர் முப்பது வருடமாக இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார், முடிந்ததும் போய் எடுத்துவருவார். 2016 விதிகளின்படி, வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ 25 வருடம் வைத்திருந்தாலோ வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். மாமாவுக்கு 72.

ஞாயிற்றுக்கிழமை போனபோது மாமா அதை வெளியே எடுத்தார். மேல்தாழைக் கட்டைவிரலால் தள்ளி, குழலை மடக்கி, இரண்டு அறையும் காலி என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். "நீ பார்த்தியா?" என்று மகனிடம் கேட்டார். அவன் தலையாட்டினான். "தலையாட்டாத. கையில வாங்கி நீயே பாரு" என்று சொல்லி, மடங்கிய குழலோடு அவனிடம் நீட்டினார்.