த்ரீ ரிவர்ஸ் பாறைச் செதுக்கல்கள்: உச்சி வெயிலில் போகாதீர்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள த்ரீ ரிவர்ஸுக்குப் போய், "வெறும் கல்தானே" என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் நண்பகலில் போனவர்கள். பாறையில் கொத்திய தடத்தின் ஆழம் மிகக் குறைவு. சூரியன் தலைக்குமேல் நின்றால் உருவமும் கல்லும் ஒரே வெளுப்பாகிவிடும். விடிந்ததும் போங்கள், இல்லையென்றால் மாலைச் சாய்வெயிலில்.

பசால்ட் என்ற எரிமலைப் பாறைமீது இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் களிமண்ணும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து மெல்லிய கரும்படலம் ஆகியிருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 900 முதல் 1400 வரை இங்கே வாழ்ந்த ஜோர்னாடா மொகயோன் என்ற பூர்வகுடி மக்கள் கல்லால் தட்டி அந்தப் படலத்தைப் பெயர்த்தார்கள். அடியிலிருந்து வெளிப்பட்ட வெளிர்நிறம்தான் உருவம். நுணுக்கம் தேவைப்பட்ட இடத்தில் கூர்கல்லை உளியாக வைத்து இன்னொரு கல்லால் அடித்திருக்கிறார்கள். குனிந்து பாருங்கள்: தூரத்தில் கோடாகத் தெரிந்தது கிட்டத்தில் நெருக்கமான சிறு சிறு கொத்துகளாகப் பிரியும்.

50 ஏக்கரில் 21,000-க்கும் மேற்பட்ட உருவங்கள். மூன்று அம்புகள் தைத்த பெருங்கொம்பு ஆடு ஒன்றுக்காகவே போகலாம். வட்டத்தைச் சுற்றிப் புள்ளிகள் வைத்த வடிவம் இங்கே திரும்பத் திரும்ப வரும். வேறு இடங்களில் அரிது.

இந்த இடத்தின் பெருமை, பாறைகளுக்கு நடுவிலேயே நடக்கலாம் என்பது. ஆபத்தும் அதுதான். கை எண்ணெய் பட்டால் கரும்படலம் கெடும். படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியால் வரைவதும் தாளை வைத்துத் தேய்ப்பதும் மீட்க முடியாத சேதம். நல்ல படம் வேண்டுமென்றால் குடை பிடித்துப் பாறை முழுதும் நிழல் விழச் செய்யுங்கள். கொத்து தானே துலங்கும். ஃபிளாஷ் வேண்டாம், எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும்.

முகட்டுப் பாதை போய்வர சுமார் 1.6 கி.மீ. தூரம் குறைவுதான், ஆனால் உருளும் கற்கள். செருப்போடு போனால் கணுக்கால் பிசகும். இடுக்குகளில் மறைந்திருக்கும் விஷப்பாம்பான கிலுகிலுப்பைப் பாம்பு இங்கே உண்டு. பார்க்காமல் கை வைக்காதீர்கள். இன்னொரு சிறு பாதை அந்தக் காலக் குடியிருப்பின் அடித்தளங்களுக்குப் போகிறது. பலர் தவறவிடுகிறார்கள், செதுக்கியவர்களின் வீட்டைப் பார்க்காமல் வருவது பெரிய இழப்பு.

பக்கத்து ஊரான துலரோசாவிலிருந்து 54-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே 27 கி.மீ., பிறகு கிழக்கே 8 கி.மீ. பெட்ரோலும் சாப்பாடும் துலரோசாவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும்.