எர்த்ஸீ: மூன்றோடு நிறுத்துவதா, தெஹானுவுக்கும் போவதா?

எர்த்ஸீ என்ற மாயாஜால நாவல் தொடரை யார் கையில் கொடுத்தாலும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்வி வந்துவிடும்: மூன்றாவது புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா, நாலாவதையும் படித்தாக வேண்டுமா? இப்போது கேட்டிருப்பவள் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் அக்கா மகள். "மாமா, கெட் அப்புறம் திரும்பி வர்றாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாள். கெட் என்பது தொடரின் நாயகனான மந்திரவாதியின் பெயர். ஒரு வரியில் பதில் சொல்கிற விஷயமா இது? இந்தத் தொடர் என்றால் எனக்கு உயிர். ஆனால் நாலாவது புத்தகத்தின்மேல் எனக்கு இன்னும் தீராத ஒரு வருத்தம் உண்டு, அந்தப் புத்தகத்தை விட்டுக்கொடுக்கவும் மனசு வராது. (கதை முழுக்க உடைபடும், படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

உர்சுலா கே. லெ குவின் முதல் மூன்று நாவல்களை 1968, 1971, 1972 என்று அடுத்தடுத்து வெளியிட்டார். 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ', 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்', 'த ஃபார்தஸ்ட் ஷோர்'. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து, 1990இல் 'தெஹானு' வந்தது, 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்ற துணைத்தலைப்போடு. அதுவும் கடைசியாக இல்லாமல் 2001இல் ஒரு கதைத் தொகுப்பும் 'தி அதர் விண்ட்' நாவலும் வந்தன. என்னைக் கேட்டால் இந்தத் தொடருக்கு இரண்டு முடிவுகள் இருக்கின்றன, ஒன்று 1972இல் வந்தது, இன்னொன்று 1990இல் வந்தது. எதை உங்கள் முடிவாக வைத்துக்கொள்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

ஏன் இவ்வளவு ஒட்டுதல் என்றும் சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதில் சிங்கப்பூரின் தோ பாயோ நூலகத்தில் எடுத்துப் படித்தது. கதை நடப்பது முழுக்கத் தீவுகளில், ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் படகு, நடுவில் கடல், முதல் பக்கத்தைத் திருப்பினால் வரைபடம். ஈஸ்ட் கோஸ்ட் கரையில் நின்று நங்கூரம் போட்ட கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த உலகம் அந்நியமாகவே படவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் உயிர் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு, வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியுமாகக் கொள்ளையடிக்க வருகிறவர்கள்தான் அந்த உலகத்தின் அந்நியர்கள். அந்த வயதில் நான் படித்த மாயாஜாலக் கதைகளில் இப்படி வேறு எதிலும் இல்லை. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதைப் படமாக எடுத்தபோது கெட்டை வெள்ளையனாக்கிவிட்டார்கள், லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாகவே எழுதினார். அந்தக் கோபம் எனக்கும் அப்படியே உண்டு. கெட் எங்கள் ஆள்.

சரி, 1972 முடிவு. உலகத்திலிருந்து மந்திரம் கசிந்து போய்க்கொண்டிருக்கிறது. தலைமை மந்திரவாதியான கெட்டும் இளவரசன் அர்ரெனும் காரணம் தேடிக் கடலில் போகிறார்கள். பட்டுக்குப் பேர்போன ஒரு தீவில் சாயம் போடுகிறவர்களுக்குக் கைத்தொழிலே மறந்துபோயிருக்கிறது. ஆழ்கடலில் தெப்பங்களிலேயே வாழும் மக்கள், வருடத்தின் மிகச் சிறிய இரவில் விடிய விடிய ஆடுகிறார்கள், பாடுகிறவர்கள் நடுவில் நின்றுவிடுகிறார்கள், அடுத்த அடி ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். கடைசியில் செத்தவர்களின் வறண்ட நாட்டுக்கே போகிறார்கள். அங்கே குயவன் சக்கரம் சுற்றுவதில்லை, தறியில் நூல் இல்லை, காதலித்து உயிரைவிட்டவர்கள் தெருவில் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள், அடையாளம் தெரியவில்லை. சாவை ஏமாற்ற நினைத்த ஒருவன் திறந்துவைத்த கதவை அடைக்க கெட் தன்னிடமிருக்கும் சக்தி மொத்தத்தையும் செலவழித்துவிடுகிறான். ஒரு சொட்டு மிச்சமில்லை. கலெஸ்ஸின் என்ற மூத்த டிராகன் அவர்களைச் சுமந்து வருகிறது, அர்ரென் அரசனாகிறான், கெட் தன் தீவுக்குப் போய்விடுகிறான். அதற்கப்புறம் என்ன ஆனான் என்பதற்குப் புத்தகமே இரண்டு விதமாகக் கதை சொல்லி, அரசன்கூட அவனைத் தேட வேண்டாம் என்று விட்டுவிட்டதாக முடிகிறது. வீரனைப் பாட்டுப் பாடி வழியனுப்பிவைக்கும் முடிவு. குறையே சொல்ல முடியாது.

'தெஹானு' அந்தப் பாட்டு முடிந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. கலெஸ்ஸின் கோன்ட் தீவின் பாறை விளிம்பில் வந்து இறங்குகிறது, முதுகில் நினைவில்லாமல் கிடக்கிறான் கெட். அவனைத் தாங்கிப் பிடிக்கிறவள் டெனார், இரண்டாவது புத்தகத்தில் கல்லறைகளின் பூசாரியாக இருந்த சிறுமி, இப்போது நடுவயது விதவை, ஒரு விவசாயியின் மனைவியாக இருந்து இரண்டு பிள்ளை பெற்றவள். உலகத்தைக் காப்பாற்றியவனை முடிசூட்டு விழாவுக்கு அழைத்துப்போக அரசனின் ஆட்கள் மரியாதையோடு வருகிறார்கள். கெட் என்ன செய்கிறான்? பயந்து ஒளிந்துகொள்கிறான். அவர்கள் முகத்தில் விழிக்க முடியாத வெட்கம். அப்புறம் மலைமேல் ஆடு மேய்க்கப் போய்விடுகிறான்.

முதல்முறை படித்தபோது இதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், ஏனென்றால் மூன்றாவது புத்தகத்தில் கெட் தன் சக்தியை இழந்தது மனசறிந்து, முழுச் சம்மதத்தோடு, ஒரு சொல் புலம்பாமல். அந்த மனிதனுக்கு இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் புத்தகம் எனக்கு முழுசாக நிரூபிக்கவில்லை. ஆனால் வாழ்க்கை நிரூபித்தது. என் அப்பா கப்பல் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர், கீழே ஐம்பது அறுபது பேர் வேலை செய்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு பழைய ஆட்கள் எங்கள் புளோக்கின் கீழே காப்பிக்கடைக்கு வந்து கூப்பிட்டால், வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு சமையலறை ஜன்னலில் ஓரமாக நின்று அவர்கள் போகிறார்களா என்று பார்ப்பார். வந்தவர்கள் எல்லோரும் அவர்மேல் மதிப்பு வைத்தவர்கள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்தவனுக்கு, கெட் ஒளிந்துகொள்ளும் அத்தியாயத்தில் ஒரு வரிகூடப் பொய்யாகத் தெரியாது.

இனி பெண்கள் விஷயம். இதில் நாலாவது புத்தகத்தின் பக்கம் நிற்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. முதல் புத்தகத்திலேயே, பெண்களின் மந்திரம் பலவீனமானது, பெண்களின் மந்திரம் கெட்டது என்று கோன்ட் தீவில் ஒரு பழமொழி வருகிறது, யாரும் அதை எதிர்த்துக் கேட்பதில்லை. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. மூன்றாவது புத்தகத்தில் டெனார் ஒரு காட்சியில்கூட வருவதில்லை. முதல் மூன்றும் ஆண்களை நடுவில் வைத்த வீரகதை மரபில் எழுந்தவை என்று 1992இல் ஆக்ஸ்ஃபர்டில் பேசியபோது லெ குவினே விளக்கமாகச் சொன்னார். 'தெஹானு'வில் அவர் பழைய உலகத்தை மாற்றவில்லை. அதே உலகத்தை ஒரு பெண்ணின் அடுப்படியிலிருந்து பார்க்கிறார். டெனாரின் மகன் கடலிலிருந்து திரும்பி வருகிறான், சட்டப்படி பண்ணை இப்போது அவனுடையது. சாப்பிட்ட தட்டை எடுத்து வை என்கிறாள் அம்மா, அது என் வேலை இல்லை என்று எழுந்து போய்விடுகிறான். அவ்வளவுதான் காட்சி. டிராகன் சண்டைகளையெல்லாம் விட என் அக்காவுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும் என்று எனக்குத் தெரியும்.

தெர்ருவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசவே கூடாது. சொந்த ஆட்களே சீரழித்து, நெருப்பில் தள்ளிவிட்டுப் போன சிறுமி, டெனார்தான் அவளை எடுத்து வளர்க்கிறாள். முகத்தின் ஒரு பக்கமும் ஒரு கண்ணும் போய்விட்டது, ஒரு கை கருகிச் சுருங்கிவிட்டது. மாயாஜாலக் கதை படித்துப் பழகிய நாம் எல்லோரும் எங்கேயோ ஒரு பக்கத்தில் யாரோ வந்து குணமாக்கிவிடுவார்கள் என்று காத்துக்கொண்டே படிக்கிறோம். யாரும் குணமாக்குவதில்லை. கெட்டின் குருவான ஓகியன் சாகும்போது டெனாரிடம், அவளுக்கு எல்லாம் கற்றுக்கொடு என்றுதான் சொல்கிறார், முகத்தைத் தொட்டுச் சரிசெய்வதில்லை. கடைசியில் அவள் யார் என்று தெரிகிறபோதுகூட தழும்பு தழும்பாகவே இருக்கிறது. ஊரார் அவளைப் பார்த்து முகம் திருப்புவது, அவளுக்கே அது தெரிந்திருப்பது, டெனார் சிவப்புத் துணியில் உடை தைத்துக் கொடுப்பது, இதெல்லாம் சின்னச் சின்னக் காட்சிகள்தான், ஆனால் முதல் மூன்று புத்தகங்களிலும் இதற்கு ஈடாக ஒன்று இல்லை. நான் மனசாரச் சொல்கிறேன், இல்லை.

அப்படிப்பட்ட புத்தகத்தின் கடைசி அத்தியாயம் ஏன் இப்படி அவசரமாக முடிகிறது என்பதுதான் என் ஆற்றாமை. ஆஸ்பென் என்ற மந்திரவாதி டெனாரையும் கெட்டையும் மந்திரத்தால் கட்டி, அவளை நாய்போல் கழுத்தில் வார் போட்டு நடத்திப் பாறை விளிம்புக்குக் கொண்டுவருகிறான். படிக்கவே கூசும். தெர்ரு கூப்பிட கலெஸ்ஸின் வந்து அவனை எரித்துவிடுகிறது, முடிந்தது. கூப்பிட்டது தெர்ரு, அது சரி, அது அழகு. ஆனால் ஆஸ்பென் வெறுப்பு மட்டுமே உள்ள ஆளாக இருக்கிறான். முதல் புத்தகத்தில் கெட்டைத் துரத்திய நிழல் அவனுக்கு உள்ளிருந்தே வந்தது, மூன்றாவதில் வந்த எதிரியிடம் நமக்கும் இருக்கிற சாவுபயம் இருந்தது. அந்த ஆழம் ஆஸ்பெனிடம் இல்லை. எதிரியை எழுதுவதில் 1972 ஜெயிக்கிறது. சொல்லப்போனால் ரோக்கிலிருந்து வரும் பெரிய மந்திரவாதியும் கொஞ்சம் மந்தமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறார். டெனாரைச் சரியாகக் காட்டுவதற்கு மற்றவர்களைச் சிறுமைப்படுத்தியிருக்கத் தேவையில்லை.

'தி அதர் விண்ட்' பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும். அந்த வறண்ட நாட்டின் கல்சுவரைச் செத்தவர்களே இடிக்கப் பார்க்கிறார்கள், தங்களை விடுவிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த நாடே ஆதியில் மந்திரவாதிகள் சாகாமலிருக்க ஆசைப்பட்டு டிராகன்களிடமிருந்து திருடியது என்று தெரியவருகிறது. மூன்றாவது புத்தகத்தின் பயங்கரமே அந்தச் சுவர்தான், அதை இடித்ததில் எனக்குக் கொஞ்சம் இழப்புதான். ஆனால் அப்பா காரியம் முடிந்த பிறகு அதைத் திரும்பப் படித்தபோது, படையல் வைத்தால் செத்தவர் வருவார் என்று நம்பும் வீட்டில் வளர்ந்தவனாக, அடையாளம் தெரியாமல் தெருவில் கடந்து போகும் அந்தச் செத்தவர்களை யாரோ ஒருவர் கடைசியில் நினைத்துப் பார்த்தாரே என்று நெஞ்சு லேசானது உண்மை. இரண்டு உணர்ச்சியும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

ஆக, எது? மொழி, கதையோட்டம், கட்டுக்கோப்பு என்று பார்த்தால் 1972 முடிவுதான் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருப்பது 1990 முடிவு. இரண்டையும் ஒரே மூச்சில் படிக்கக் கூடாது என்பதுதான் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம். எழுதியவரே பதினெட்டு ஆண்டு எடுத்துக்கொண்டார். 2018இல் எல்லாக் கதைகளையும் சேர்த்து சார்ல்ஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு ஒரே பெரிய தொகுப்பாக வந்திருக்கிறது, அருமையான பதிப்பு, ஆனால் முதல்முறை படிக்கிறவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கெட் போய்விட்டான் என்ற துக்கம் ஆறுவதற்குள் அடுத்த பக்கத்திலேயே அவனைக் கொண்டுவந்து கிடத்திவிடும்.

அக்கா மகளுக்கு இப்படித்தான் பதில் அனுப்பினேன்: வருகிறார், சக்தி இல்லாமல் வருகிறார், இப்போதைக்கு மூன்றோடு நிறுத்திக்கொள், அந்தச் சின்னப் பெண்ணுக்கு நடந்தது உனக்கு இந்த வயதில் வேண்டாம், பிறகு நீயே எடுப்பாய். அக்காவுக்குத் தனியாக ஒரு செய்தி. அவள் இந்தத் தொடரில் ஒரு வரி படித்ததில்லை, டிராகன் கதையெல்லாம் எனக்கு எதற்கு என்பாள். அவளுக்கு முதலாவதும் வேண்டாம், மூன்றாவதும் வேண்டாம். இரண்டாவதைப் படித்துவிட்டு நேராக 'தெஹானு'வுக்கு வந்தால் போதும், டெனாரின் கதை அப்படியே முழுசாகக் கிடைத்துவிடும். இரண்டையும் நூலகத்தில் என் பெயரில் பதிந்துவைத்திருக்கிறேன், சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.