6 அங்குல இன்லைன் ஃபேன் கிட்: காற்று வெளியேறும், குளிர் வராது

வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்க 4 × 4 அடி குரோ டென்ட் (துணிக் கூடாரம்) வாங்கியவர்கள் அடுத்துத் தேடுவது, உள்ளே இருக்கும் காற்றைக் குழாய் வழியாக வெளியேற்றும் 6 அங்குல இன்லைன் ஃபேன் கிட். ஃபேன், வாசனையை உறிஞ்சும் கார்பன் ஃபில்டர், 8 அடி அலுமினிய டக்ட் (காற்றுக் குழாய்), அதைப் பிடிக்கும் க்ளாம்புகள், ஒயரில் தொங்கும் சென்சாரோடு ஒரு கன்ட்ரோலர், இவ்வளவும் ஒரே பெட்டியில் வரும். பிராண்ட் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ இதேதான். ஃபேனுக்கு முழு மார்க் போடலாம். கன்ட்ரோலருக்குப் பாதி. டக்டுக்கும் க்ளாம்புக்கும் எதுவும் இல்லை.

4 அங்குல கிட்டே போதாதா என்று கேட்பவர்கள் டென்டின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 120 × 120 × 200 செ.மீ. டென்டில் சுமார் 102 கன அடி காற்று. நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற 102 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற அளவு) வேண்டும். 4 அங்குல ஃபேன் பெட்டியில் 200 என்று போட்டிருக்கும். தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் ஃபேனின் அளவை முடிவு செய்ய வேண்டியது டென்ட் அல்ல, விளக்கு. 240 வாட் எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. வாட்டை 1.76 ஆல் பெருக்குங்கள். வெளியே இருப்பதைவிட உள்ளே எத்தனை டிகிரி செல்சியஸ் கூடினால் பரவாயில்லையோ, அதால் வகுங்கள். வருவதுதான் தேவைப்படும் சி.எஃப்.எம். 240 வாட்டுக்கு 3 டிகிரி என்றால் 141. (செடிகள் நன்றாக வளர்ந்து அடர்ந்துவிட்டால் வெப்பத்தில் ஒரு பங்கு நீராவியாகப் போய்விடும், சூடு கொஞ்சம் குறையும். அதை நம்பி ஃபேன் வாங்க வேண்டாம். நாற்று நட்ட புதிதில் அந்த உதவி கிடைக்காது.)

பெட்டியில் இருக்கும் 200 என்பது ஃபில்டரும் டக்டும் மாட்டாமல் அளந்தது. ஃபில்டர், இரண்டு வளைவு என்று சேர்த்தால் கால் பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். மீதி 100 முதல் 150. வெயில் நாளில் திணறும். 400 போட்டிருக்கும் 6 அங்குல ஃபேனில் அதே கழிவு போனாலும் 200-க்குக் குறையாது. முக்கால் வேகத்தில் ஓட்டினாலே வேலை முடிந்துவிடும், சத்தமும் குறைவு.

வாங்கும்போது மோட்டார் இ.சி. (மின்னணு முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. மோட்டாரை ரெகுலேட்டர் வைத்து வேகம் குறைத்தால் ரீங்காரம் போடும், சூடாகும். இ.சி. மோட்டார் பத்தில் இரண்டு என்ற வேகத்திலும் சத்தமில்லாமல் சுற்றும்.

இனி விளம்பரத்தில் வராத விஷயம். இந்த கிட் எதையும் குளிர்விக்காது. அறைக் காற்றை உள்ளே இழுத்து, சூடான காற்றை வெளியே தள்ளும், அவ்வளவுதான். அறையில் 31 டிகிரி இருக்கும்போது கன்ட்ரோலரில் 26 என்று வைத்தால் ஃபேன் நாள் முழுக்க முழு வேகத்தில் கத்தும். டென்ட் 33-ல் நிற்கும். ஈரப்பதமும் சேர்ந்து காணாமல் போகும். அந்த நிலைமையில் செய்யக்கூடியவை வேறு. விளக்கு எரியும் நேரத்தை இரவுக்கு மாற்றலாம். டிம்மரை இறக்கி விளக்கைச் சற்றுத் தாழ்த்தலாம். அறைக்கே ஏ.சி. போடலாம். எதைச் செய்தாலும், வெளியேறும் காற்று அதே அறைக்குள் விழக் கூடாது. விழுந்தால் டென்ட் தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும், அறையும் மெல்ல மெல்ல ஏறும். ஜன்னல் வழியாக வெளியே விட்டால், அறைக்குள் புதுக் காற்று வர ஒரு வழியும் இருக்க வேண்டும். கதவுக்கு அடியில் நல்ல இடைவெளி இருந்தாலும் போதும்.

மாட்டும் வரிசை: மேலே மூலையில் ஃபில்டர், அதை ஒட்டி ஃபேன், பிறகு டக்ட், பிறகு வெளியே. ஃபேன் மேல் உள்ள அம்புக்குறி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். எடையை ஒரே கம்பியில் தொங்கவிடாமல் இரண்டு குறுக்குக் கம்பிகளில் பிரித்துவிடுங்கள். கூட வரும் டக்ட் மெல்லிய அலுமினியத் தாள். 3 அடி தூரத்துக்கு 8 அடி டக்டை அப்படியே சுருக்கி மாட்டினால் உள்ளே மடிப்பு மடிப்பாக நின்று காற்றைத் தடுக்கும். முழுக்க இழுத்து, மிச்சத்தை வெட்டி எறியுங்கள். திருப்பம் தவிர்க்க முடியாதென்றால் சட்டென்று ஒடிக்காமல் அகலமாக வளைத்து விடுங்கள். க்ளாம்பைத் திருகினாலும் நழுவும். அதற்கு மேல் அலுமினிய டேப்பை இரண்டு சுற்று சுற்றினால்தான் நிற்கும். குளிரான இடம் வழியாக டக்ட் போனால் உள்ளே நீர் கோக்கும். இன்சுலேஷன் உள்ள டக்டாக மாற்றி, நீர் மோட்டார் பக்கம் திரும்பி வராதபடி சரிவு வையுங்கள்.

உள்ளே வரும் வழியைப் பற்றி கிட்டோடு வரும் தாளில் ஒரு வரிதான் இருக்கும். 6 அங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம். டென்டில் ஃபேன் இல்லாத கீழ் ஜன்னல்களின் மொத்தத் திறப்பு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு, அதாவது 56 முதல் 84 சதுர அங்குலம் இருக்க வேண்டும். ஃபில்டருக்கு எதிர்ப் பக்கக் கீழ் ஜன்னலைத் திறந்தால் காற்று செடிகளுக்கு ஊடாகக் குறுக்கே போகும். டென்டின் பக்கங்கள் லேசாக உள்வாங்கினால் சரியாக ஓடுகிறது என்று பொருள். துணி இலையைத் தொடும் அளவுக்கு ஒட்டினால் திறப்பு போதவில்லை, அல்லது ஜன்னல் வலையில் தூசி படிந்திருக்கிறது. வலையைத்தான் முதலில் தட்டிப் பாருங்கள்.

கன்ட்ரோலருக்குப் பாதி மார்க் போனதற்குக் காரணம் அதன் ஆரம்ப செட்டிங். வெப்பம் ஏறினால் ஓடு, இறங்கினால் நில் என்றே வரும். விளக்கு அணைந்ததும் டென்ட் குளிரும், ஃபேன் நிற்கும். 26 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருந்த காற்று, அதே நீராவியோடு 20 டிகிரிக்கு இறங்கினால் 86 சதவீதம் ஆகிவிடும். செடிகள் விடும் ஈரம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. காலையில் இலையில் துளி, அடுத்த வாரம் பூஞ்சை. அதனால் குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யத்திலிருந்து 2-க்கு ஏற்றுங்கள், ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் கூடும்படியும் வையுங்கள். பஃபரை (ஃபேன் வேகம் மாற வெப்பம் எவ்வளவு நகர வேண்டும் என்ற இடைவெளியை) 1 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் ஃபேன் நிமிடத்துக்கொரு தடவை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

சென்சாரை ஃபேன் பக்கத்தில் கட்டாதீர்கள். அங்கே கூரைச் சூடுதான் தெரியும். செடிகளின் உச்சி மட்டத்தில், நடுவில் தொங்கவிட்டு, நேர் வெளிச்சம் விழாமல் மேலே ஒரு சின்ன வெள்ளை அட்டை வையுங்கள்.

வி.பி.டி. மோட் (காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்ற வறட்சி அளவை வைத்து ஓட்டுவது) பார்க்க அழகாக இருக்கும். ஃபேன் மட்டும் இணைந்திருந்தால் தொடாதீர்கள். காற்று வறண்டால் ஈரத்தைக் காக்க ஃபேன் வேகத்தைக் குறைக்கும். உடனே சூடு ஏறும், சூடு ஏறினால் வி.பி.டி. இன்னும் கூடும். ஈரம் ஊதும் ஹியூமிடிஃபையரும் அதே கன்ட்ரோலரில் இருந்தால்தான் இந்த மோட் உருப்படும். அப்போதும் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது ஹியூமிடிஃபையர் ஊதுவதெல்லாம் டக்ட் வழியாக வெளியே போய்விடும்.

உள்ளே காற்றைக் கலக்கும் கிளிப் ஃபேன் இந்த கிட்டில் கிடையாது. இரண்டு தனியாக வாங்க வேண்டும்: ஒன்று உச்சிக்கு மேலே, ஒன்று இலைகளுக்குக் கீழே. இலை அசைந்தால் போதும், படபடக்கக் கூடாது. லெட்யூஸ் (சாலட் கீரை) போட்டிருப்பவர்களுக்கு இது அவசியம். நடுக்குருத்தில் காற்றோட்டம் இல்லையென்றால் கால்சியம் அங்கே போய்ச் சேராமல் இளம் இலைகளின் ஓரம் கருகும். உரத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பலருக்குத் தேவை ஒரு கிளிப் ஃபேன்தான்.

தக்காளி, மிளகாய், கீரை மட்டும் வளர்ப்பவர்களுக்கு வாசனைப் பிரச்சினை இல்லை, கார்பன் ஃபில்டரும் தேவையில்லை. ஃபில்டர் சேராத கிட் கிடைத்தால் அதை எடுங்கள், காற்றும் கூடுதலாகப் போகும். வாசனை வெளியே போகாமல் தடுக்க வேண்டியவர்கள் ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கார்பன் சரியாகப் பிடிக்காது. வெளியே சுற்றியிருக்கும் வெள்ளைத் துணியைத் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். 2 × 2 அடி டென்டில் 100 வாட் விளக்கு என்றால் 3 டிகிரிக்குத் தேவை 59 சி.எஃப்.எம். மட்டும். அங்கே 4 அங்குலமே போதும்.