பாலாற்றுத் தோல் ஷாப்புகள்: தனிச் சுத்திகரிப்பா, பொது நிலையமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், நெருக்கியடித்து நிற்பதால்தான் கிணறுகள் கெட்டன என்பார்கள். பாதி சரி. அந்த நெருக்கம் இல்லையென்றால் சின்ன ஷாப்புக்குச் சுத்திகரிப்பே கட்டுப்படியாகாது என்பது மீதிப் பாதி. ஷாப்புக்கொரு தனிச் சுத்திகரிப்போ, பலர் கழிவுநீரும் சேரும் பொது நிலையமோ, இரண்டில் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு.

ஒரு டன் பச்சைத்தோலுக்கு 30,000 முதல் 40,000 லிட்டர் தண்ணீர் போகும். நாளுக்கு அரை டன் போடுகிறவர் அதற்கென்று உப்பை வடிகட்டும் ஆர்.ஓ.வும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சும் ஆவியாக்கியும் வைத்தால் கரண்டு பில்லே போட்ட முதலைத் தின்றுவிடும். ஆர்டர் இல்லாமல் தோல் பதனிடும் டிரம் நின்றால் காற்றூட்டும் தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிரும் பட்டினியில் சாகும். பொது நிலையத்தில் யாராவது ஒருவர் ஷாப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வகையில் பொதுவுக்கே என் ஓட்டு.

ஆனால் தனி நிலையத்தில் தப்பு யாருடையது என்பது தெரியும். பொதுவில், தோல் பதனிடப் போடும் குரோமை ஒருவர் விட்டால் அது எல்லார் கசட்டையும் நஞ்சாக்கிவிடும். கசடு ஒரே இடத்தில் குவிவதும் ஆபத்துதான்: 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிய 10 பேர் இறந்தார்கள்.

ஆகவே குரோமை அவரவர் வாசலிலேயே பிடித்துவிட வேண்டும். டிரம்மில் போட்டதில் 60–70 சதவீதத்தைத்தான் தோல் வாங்கும். மீதியுள்ள நீரைத் தனித்தொட்டியில் விட்டு, பி.எச். 8–8.5 வரும்வரை மெக்னீசியம் ஆக்சைடு போட்டுக் கலக்கி, ராத்திரி தெளியவிடுங்கள். தெளிநீரை இறுத்தபின், அடியில் நிற்கும் வண்டலைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்கே ஆகும். விலை குறைவென்று சுண்ணாம்பு போட்டால் ஜிப்சம் கலந்து வண்டல் வீணாகும். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பையும் அவரவர் வாசலிலேயே பிடிக்க வேண்டும், நுண்ணுயிர் அதைத் தொடாது. ஊறப்போடும் முன் தோலை உதறி உப்பைக் கொட்டிவிட்டு, ஊறல்நீரை வெயில் பாத்தியில் காயவிடுவதே மலிவு.

பொதுக் குழாயில் பலரும் கவனிக்காதது வேறொன்று. ஒரு ஷாப்பில் தோலின் முடியை நீக்கிய சுண்ணாம்பு நீரில் சோடியம் சல்பைடு இருக்கும், பி.எச். 12. பக்கத்து ஷாப்பின் பிக்கிள் நீர், அதாவது குரோம் போடும் முன் தோலை ஊறவைத்த நீர், அமிலம், பி.எச். 3. தனித்தனியே இருக்கும்வரை வாயு எழாது. சேகரிப்புத் தொட்டியில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். செறிவு ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. இறங்கியவர் அப்படியே விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். சுண்ணாம்பு நீருக்குத் தனிக்குழாய் போடுங்கள், முடியாவிட்டால் திறந்துவிடும் நேரத்தைப் பிரித்துவிடுங்கள். வாயுமானி வைத்துப் பார்க்காமல் யாரையும் தொட்டிக்குள் இறக்கவே கூடாது.