‘நேவி டொக்யார்ட் அன்வில்’ என்று விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

திருமலைப் (திருகோணமலை) பக்கம் யாராவது இரும்பு அடிக்கப் பழகலாம் என்று முதல் பட்டடை (அன்வில், காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கட்டி) தேடிக்கொண்டிருந்தால் இதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். நான் 52,000 ரூபாய் கொடுத்து ஒரு வார்ப்பிரும்புக் கட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

என் பெரியப்பா தம்பலகாமத்தில் கம்மாலை வைத்திருக்கிறார். மண்வெட்டி, கோடரி, அரிவாளுக்குப் பல் வெட்டுவது, இதுதான் அவருடைய வேலை. முதலில் அவரிடம் போய்க் கேட்டிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. கேட்டால் “உனக்கு ஏனடா இந்தக் கரிவேலை” என்பார், அதனால் எல்லாம் வாங்கி வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வெள்ளைக்காரன் காலத்து நேவி டொக்யார்ட் அன்வில், ஒரிஜினல், 50 கிலோ, அவசர விற்பனை.

திருமலையில் வளர்ந்தவனுக்கு டொக்யார்ட் என்ற சொல் போதும். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த இடம், அங்கே எத்தனை உலை எரிந்திருக்கும் என்று மனம் தானாகவே கதை கட்டத் தொடங்கிவிட்டது. அந்தத் தளத்துக்குள்ளிருந்து ஒரு பட்டடை எப்படி இந்த ஆளின் கைக்கு வந்தது, அதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

பார்க்கப் போனது பின்னேரம், வெளிச்சம் குறைந்த நேரம். ஒரு கொட்டிலுக்குள் பழைய டயர் ஒன்றின் மேல் வைத்திருந்தார், புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளவென்று அடித்திருந்தது. பக்கத்தில் ‘50’ என்று புடைத்த எழுத்து. நான் கொண்டுபோன சின்னச் சுத்தியலால் மேலே ஒரு தட்டுத் தட்டினேன், டொக் என்று மரத்தில் தட்டிய மாதிரிச் சத்தம்.

“என்ன அண்ணை, மணி மாதிரிக் கேட்கும் என்று சொல்வார்களே?”

“தம்பி, அது சாதாரண அன்வில். நேவிக்காரன் சத்தம் வராத மாதிரி ஸ்பெஷலாகச் செய்தது. கப்பலுக்குள் காது போய்விடுமே. சும்மா தட்டாதையும், பெயின்ட் கழரும்.”

இந்தப் பொய்யில் கெட்டித்தனம் என்னவென்றால், அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது. வார்ப்பிரும்பு உடலின் மேல் உருக்குத் தகடு சேர்த்து வார்த்த நல்ல பட்டடைகளும் உலகத்தில் உண்டு, அவை அதிகம் ஒலிக்காது. போதாததற்கு டயருக்கு மேல் வைத்தால் நல்ல பட்டடையின் சத்தம்கூட அமுங்கும். ஆகவே சத்தத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நான் அதோடு நிறுத்தியதுதான் பிழை. 60,000 கேட்டார், 52,000 க்கு இறங்கினார், நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டே ஓட்டோவில் ஏற்றினேன். பில் கேட்டதற்குச் சிரித்தார்.

அடுத்த நாள் தெரிந்த ஒருவரின் அரிசி ஆலைத் தராசில் வைத்தேன். 38 கிலோ.

சரி, நிறை குறைந்தாலும் பட்டடை பட்டடைதானே என்று பாலை மரக் குற்றியில் இறுக்கி, லொறி ஸ்பிரிங் துண்டு ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி அடிக்கத் தொடங்கினேன். அரை மணித்தியாலம் ஆகியிருக்காது, சுத்தியல் ஒருமுறை தவறி விளிம்பில் விழுந்தது, ஒரு விரல் நீளத்துக்கு விளிம்பு அப்படியே உடைந்து பறந்தது. நல்ல வேளை கண்ணில் படவில்லை. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் பொருபொரு என்று இருந்தது, வார்ப்பிரும்பு அப்படித்தான் உடையும். சதுரத் துளையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ தெரிய, நகத்தால் கிண்டினால் வாகனத்துக்குப் பூசும் பட்டி! ஓட்டைகளை எல்லாம் பட்டியால் அடைத்துத்தான் கறுப்படித்திருக்கிறார்.

வெட்கத்தை விட்டுப் பெரியப்பாவைக் கூட்டிவந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. லொறி பெயரிங்கில் கழற்றிய ஒரு இரும்புக் குண்டைப் பையிலிருந்து எடுத்து, பட்டடை முகத்துக்கு மேல் பத்து அங்குல உயரத்திலிருந்து விட்டார். இரண்டு, இரண்டரை அங்குலம் எழும்பிவிட்டுப் படுத்துவிட்டது. நல்ல உருக்கு முகம் என்றால் ஏழு, எட்டு அங்குலத்துக்குத் திரும்பி வரும். வராவிட்டால் நீங்கள் அடிக்கும் அடியைப் பட்டடை விழுங்குகிறது, தோள்தான் நோகும். பிறகு அரத்தை முகத்தில் இழுத்தார், கறகறவென்று கடித்தது. பதம் வைத்த உருக்கில் அரம் வழுக்க வேண்டும். கடைசியாக அடிப்பக்கத்தில் கிரைண்டரை லேசாக வைத்தார், கிட்டவே விழும் மங்கலான சிவப்புப் பொறிகள். உருக்கென்றால் வெளிச்சமாக, நீளமாகப் பறக்கும். கிரைண்டர் வைக்க விற்கிறவர் விடமாட்டார், ஆனால் ஒரு குண்டும் பழைய அரமும் சட்டைப்பையில் கொண்டுபோகலாம். அதற்கும் விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்த ‘50’ ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து அடித்துச் செய்த இங்கிலீஷ் பட்டடைகளில் நிறையை உளியால் மூன்று எண்களாகக் குழித்துப் போட்டிருப்பார்கள். முதல் எண் எத்தனை 112 இறாத்தல் என்பது, இரண்டாவது எத்தனை 28 இறாத்தல் என்பது, மூன்றாவது மிச்ச இறாத்தல். 1 2 14 என்று இருந்தால் 182 இறாத்தல், ஏறக்குறைய 82 கிலோ. வெள்ளைக்காரன் காலத்தது என்று சொல்லிக்கொண்டு கிலோவில், அதுவும் புடைத்த எழுத்தில் ‘50’ என்று இருந்தபோதே நான் எழும்பி வந்திருக்க வேண்டும்.

விற்றவருக்குப் போன் எடுத்தேன். முதல் நாள், “நீர் பிழையாக அடித்திருப்பீர்.” இரண்டாம் நாள், “பார்த்துத்தானே வாங்கினீர்.” மூன்றாம் நாள் என் நம்பரைத் தடுத்துவிட்டார். கொட்டிலுக்கு நேரே போனால் அது அவருடையதே இல்லையாம், ஒரு மாதம் வாடகைக்கு எடுத்தாராம். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம், ஆனால் என் கையில் பில்லும் இல்லை, அவருடைய முழுப் பெயரும் இல்லை. மேலே ஒரு உருக்குத் தகட்டை ஒட்டித் தருகிறேன் என்று ஒரு வெல்டிங்காரர் 6,000 கேட்டார். பெரியப்பா விடவில்லை. வார்ப்பிரும்பில் வெல்டிங் சரியாகப் பிடிக்காது, ஓரத்தில் மட்டும் பிடித்தால் தகட்டுக்குக் கீழே இடைவெளி நிற்கும், அடி அதிலேயே செத்துவிடும்.

இப்போது நான் அடிப்பது ஒரு லேத் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த சாதாரண இரும்புக் கட்டையில். நாலு அங்குலச் சதுரம், பத்து அங்குல நீளம், 20 கிலோவுக்குக் கிட்ட, 8,500 ரூபாய். அதைக் குற்றிக்குள் நெட்டாக இறக்கி நிறுத்தியிருக்கிறேன், அடியின் நேர்கீழே முழு நிறையும் நிற்கும். முகத்தில் தழும்பு விழத்தான் செய்கிறது, கிரைண்டரால் தேய்த்தால் சரி, உடையாது. சுத்தியலைப் போல இருபது மடங்காவது பட்டடை இருக்க வேண்டும் என்பார்கள், ஒரு கிலோச் சுத்தியலுக்கு இது காணும். கொம்பு (இரும்பை வளைக்க முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்பகுதி) இல்லையே என்று நானும் கவலைப்பட்டேன், பெரியப்பாவின் பட்டடையிலும் கொம்பு இல்லை, வெறும் சதுரக் கட்டி, நாற்பது வருடமாக அதில்தான் அடிக்கிறார். தண்டவாளத் துண்டும் நல்ல உருக்குத்தான், மீற்றருக்கு 40 கிலோத் தண்டவாளத்தில் ஒரு அடி எடுத்தால் 12 கிலோ வரும், அதையும் நெட்டாக நிறுத்த வேண்டும். ஆனால் ரயில்வேச் சொத்து, எங்கிருந்து வந்தது என்று காகிதம் இல்லாமல் தொடாதீர்கள், பிறகு பொலிசுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த விளம்பரம் முந்தாநாள் மறுபடியும் வந்திருக்கிறது. நம்பர் வேறு, கறுப்பு அன்வில் அதே மாதிரி, கீழே அதே டயர். விலை இப்போது 65,000.