மூங்கிலைத் தூரோடு வெட்டக் கொடுப்பதா, வயது பார்த்து வெட்டுவதா?

அழகர்மலை அடிவாரத்தில், நத்தம் சாலைக்குக் கிழக்கே எங்கள் பட்டா நிலத்தின் ஓரம் பதினொரு மூங்கில் புதர்கள் நிற்கின்றன. பெரும்பாலும் கல் மூங்கில். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரி புதருக்கு இவ்வளவு என்று மொத்த விலை பேசினார். இரண்டு புதர்களைக் கொடுத்தேன், தரையோடு வெட்டி ஏற்றிப் போனார். மற்ற ஒன்பதில் நாங்களே முற்றிய கழிகளை மட்டும் எடுக்கிறோம்.

மொத்தமாகக் கொடுத்தால் கையில் உடனே பணம். ஆள் தேட வேண்டாம், முள்ளில் கிழிபட வேண்டாம். கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்து நிற்கும்போது அது பெரிய உதவிதான்.

ஆனால் அடுத்த மழையில் என்ன முளைக்கிறது என்று பாருங்கள். மூங்கிலின் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் இருக்கிறது. நிற்கும் கழிகளின் இலை சமைத்துத் தரும் உணவில்தான் புதுக் குருத்து வருகிறது. குருத்து சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பின் முற்றுமே தவிர ஒரு நூல்கூடப் பருக்காது. மெலிந்து வந்தது கடைசி வரை மெலிந்ததுதான். மொட்டையடித்த இரண்டு புதர்களிலும் அடுத்த வருடம் விரல் தடிமனில் விளார்கள் கூட்டமாக வந்தன. அவரைப் பந்தலுக்குத்தான் ஆயின. ஏணிக்கு ஆகும் கழி இந்த வருடம்தான் ஒன்றிரண்டு தென்படுகிறது. பக்கத்துப் புதர்களிலோ வருடம் தவறாமல் கிடைத்தது.

வயது பார்ப்பது கடினமில்லை. முதல் வருடக் கழியில் அடிக்கணுக்களில் உறை ஒட்டியிருக்கும், மேலே வெள்ளை மாவு பூசியதுபோல் இருக்கும். மூன்று வயதைத் தாண்டியது பசுமை மங்கி, பாசித் திட்டுகளுடன் நிற்கும். அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். முற்றாததை வெட்டினால் மாவுச்சத்துக்கு வண்டு வந்து உளுத்துவிடும்.

உண்மையான பாடு வேறு. குருத்து வெளிவட்டத்தில் வரும், முற்றியது நடுவில் சிக்கிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் வழி திறந்து, புதரை லாட வடிவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வழியைத் திறக்க முதல் வருடம் ஒரு புதருக்கு இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. இப்போது காலை வேலையோடு முடிகிறது. வெட்டு, தரைக்கு ஒரு சாண் உயரத்துக்குள், கணுவுக்குச் சற்று மேலே விழ வேண்டும். இல்லையென்றால் கட்டையில் தண்ணீர் தேங்கி அழுகும். மழைக்காலத்தில் அரிவாளே எடுப்பதில்லை. தை பிறந்த பிறகுதான்.

2017-இல் மத்திய அரசின் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, மூங்கில் மரம் என்ற வரையறையிலிருந்து நீங்கியது. ஆனால் தமிழ்நாட்டுக்குத் தனி வனச் சட்டம் உண்டு; பட்டா நிலத்து மூங்கிலுக்கு இங்கே என்ன விதி என்று வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். மலைமேல் காப்புக்காட்டில் நிற்பது வேறு; அங்கே அனுமதியில்லாமல் ஒரு கழியும் தொடக்கூடாது.

ஒன்பதில் இரண்டு முள் மூங்கில். அவற்றில் எனக்கு இரண்டு பருவ அனுபவம்தான். அடிமுள்ளைக் கழிக்கவே பாதி நேரம் போகிறது. அதற்கு ஆள் கிடைக்காதவர் மொத்தமாகக் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

புதர் பூத்துவிட்டால் மட்டும் என் கணக்கு மாறும். பூத்த மூங்கில் விதை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும், கோடையில் அது தீக்கு விறகு. விதை விழும்வரை பொறுத்து, அதை மட்டும் தூரோடு வெட்டிவிட்டு, கீழே முளைக்கும் கன்றுகளை ஆடு மேயாமல் வேலி கட்டிக் காப்பேன்.